பத்தொன்பதாம் தளத்துக் குழாய்

சைமா கின்னுனெனை அடக்கம் செய்த அன்று நான் கல்லறைத் தோட்டத்தில் இல்லை. அரை மைல் கீழே, பூமிக்குள் இருந்தேன். எங்கள் ஊர் அகஸ்டாவில் அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறார்கள். ஓர் அடக்கம் நடக்கும்போது கீழே ஆள் இருக்கக் கூடாது என்பது இங்கே பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். ஆட்களை ஏற்றி இறக்குகிற சுரங்கக் கூண்டு மேலே வந்து நிற்க வேண்டும். இயந்திரங்கள் ஓய வேண்டும். ஆண்கள் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு மண் போட வர வேண்டும். இரும்புச் சுரங்கம் மூடி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த வழக்கத்தை யாரும் மூடவில்லை. கூண்டில் நிற்கிற நானே அதை மீறினால் ஊர் பேசத்தான் செய்யும். பேசட்டும்.

ஊர்ப் பத்திரிகைக்கு அவளைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார்கள். நாலு வரிக்குள் அடங்குகிற பெண்பிள்ளையா அவள்? எழுத்து எனக்கு அவ்வளவாக வராது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

சைமாவைப் பள்ளிக்கூடச் சமையலறையில் பார்க்காதவர்கள் இந்த ஊரில் கிடையாது. நெடிய உடம்பு, பெரிய கைகள். தட்டில் பட்டாணியை ஒதுக்கி வைத்த பிள்ளை அவள் பார்வை பட்டதும் எடுத்து வாயில் போட்டுக்கொள்ளும். சனிக்கிழமை சாயங்காலம் தன் வீட்டுப் பின்னால் இருக்கிற சானா என்கிற நீராவிக் குளியலறையைத் தானே மூட்டி, தான் மட்டும் உட்கார்ந்து வேர்த்துவிட்டு வருவாள். ஏலக்காய் போட்டு அவள் பின்னிச் சுடுகிற ரொட்டிக்கு ஈடு இந்தப் பக்கத்தில் இல்லை. மறுமணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்கள் உண்டு. ஒருவனிடம், “எனக்கு ஏற்கெனவே ஒரு நாய் இருக்கு” என்று சொல்லி அனுப்பினாள்.

அவள் புருஷன் ஈரோ. கல்யாணமாகி இரண்டு குளிர்காலம்கூட முழுதாகப் போகவில்லை. ஐம்பத்து நாலாம் வருஷம் பிப்ரவரியில், பத்தொன்பதாம் தளத்தில், கிழக்குப் பக்கத்து அறையின் வாசல் இடிந்தது. அறை என்றால் படுக்கிற அறை இல்லை. தாதுவை வெடி வைத்து எடுத்து எடுத்துப் பாறைக்குள் விட்ட குடைவு. உள்ளே ஈரோவும் அவனோடு ஜோடியாக வேலை செய்த யோஷேயும் இருந்தார்கள். தோண்டத் தோண்டக் கூரை இடிந்து விழுந்துகொண்டே இருந்தது. தோண்டப் போனவர்களில் இருவருக்குக் கால் போனது. வாசல் மட்டுமல்ல, அறை முழுக்க இடிந்து நிரம்பிவிட்டது என்று இன்ஜினியர் சொன்னார். வரைபடத்திலும் அப்படியே குறித்தார்கள். ஷிப்ட் கேப்டன் ஸ்க்ராபா சைமா வீட்டுக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு நொடியில் முடிந்திருக்கும், அவர்களுக்கே தெரிந்திருக்காது என்றார்.

இங்கே இன்னொரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கீழே ஒருவன் அடக்கமாகாமல் கிடக்கும்வரை எங்கள் சுரங்கத்தில் ஒரு கல் தாது மேலே வராது. கம்பெனி சொன்னாலும் வராது. உடம்பை எடுக்க முடியாது என்று ஆகிவிட்டால் சுரங்கத்தின் குழிவாயே கல்லறை. போதகர் அங்கே வந்து ஜெபம் செய்வார். செத்தவனின் குடும்பத்தில் ஒருவர் முதல் பிடி மண்ணைக் குழிக்குள் போட வேண்டும். போட்டால் அடக்கமானது. மறுநாள் வேலை.

யோஷேக்கு இந்த நாட்டில் யாரும் கிடையாது. ஆக, போட வேண்டியது சைமா ஒருத்திதான். இடிந்தது ஒரு வியாழக்கிழமை. ஊர் முழுக்க ஆண்கள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அவளைப் போடச் சொல்லவில்லை. ஆனால் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். அவளும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டு தானாக வெளியே வந்தாள். ஊரே கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் போனது. என் அப்பாவும் போனார்.

பிப்ரவரியில் எங்கள் மண் இரும்பு மாதிரி இறுகிக் கிடக்கும். உடை மாற்றுகிற கொட்டகையின் அடுப்பு மேல் ஒரு வாளி மண்ணை வைத்து யாரோ இளக்கியிருந்தார்கள். சைமா கையுறையைக் கழற்றிவிட்டு அதில் ஒரு பிடி எடுத்துப் போட்டாள். மண் சூடாக இருந்தது என்று பல வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள். வேறு ஒன்றும் ஞாபகம் இல்லையாம்.

திங்கட்கிழமை தாது மேலே வந்தது.

அறுபத்திரண்டில் சுரங்கத்தை மூடினார்கள். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மரம் வெட்டப் போனேன், பிறகு திறந்தவெளிச் சுரங்கத்தில் லாரி ஓட்டினேன். எண்பதுகளில் பல்கலைக்கழகத்தார் வந்து, பத்தொன்பதுக்கும் கீழே இருக்கிற இருபத்திரண்டாம் தளத்தைச் சுத்தம் செய்து, விளக்குப் போட்டு, ஒரு வீட்டளவு கருவியைக் கட்ட ஆரம்பித்தார்கள். அவர்களை ஏற்றி இறக்கக் கூண்டில் நிற்க ஆள் வேண்டியிருந்தது. நான் போனேன்.

கருவி என்ன செய்கிறது என்று எனக்கு விளங்கிய மட்டும் சொல்கிறேன். வானத்திலிருந்து ஒன்று எப்போதும் பெய்துகொண்டே இருக்கிறது. எங்கோ தொலைவிலிருந்து வருகிற துகள்கள் மேல்காற்றில் மோதிச் சிதறி இறங்குகின்றன. அதில் ஒரு வகைக்கு மியூவான் என்று பெயர். இதைப் படிக்கிறபோதும் உங்கள் தலை வழியாகப் போய்க்கொண்டுதான் இருக்கிறது. வலிக்காது. வீட்டுக்குள்ளும் போகும், பாறைக்குள்ளும் போகும். பாறை தடிக்கத் தடிக்கப் பெரும்பாலானவை நின்றுவிடும். அரை மைல் ஆழத்துக்கு ஏதோ ஒன்றிரண்டு வந்து சேரும். கருவி என்பது காற்று அடைத்த குழல்களின் அடுக்கு. ஒவ்வொரு குழலுக்குள்ளும் தலைமயிரை விட மெல்லிய கம்பி ஓடுகிறது. மியூவான் குறுக்கே போனால் கம்பி அதை உணரும். எந்தெந்தக் கம்பி உணர்ந்தது என்று கோடு இழுத்துப் பார்த்தால் அது எந்தத் திசையிலிருந்து வந்தது என்று தெரியும்.

அந்தக் கம்பிகளைக் குழலுக்குள் இழுத்துக் கட்ட ஊர்ப் பெண்களைச் சேர்த்தார்கள். சைமா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு முதல் ஆளாக வந்து நின்றாள். எல்லோருக்கும் ஆச்சரியம். சம்பளம் நல்ல சம்பளம், காபி சும்மா என்று காரணம் சொன்னாள். கீழே ஏன் போகிறாள் என்று எனக்குப் புரிய ஒரு வாரம் ஆனது.

கூண்டில் ஏறியதும் பேச ஆரம்பிப்பாள். என் கூண்டு அவள் கோழிக்கூண்டை விட நாறுகிறது என்பாள். தேவாலயத்துக் காபிக்குப் போதகரின் மனைவி சுட்டுக்கொண்டு வருகிற ரொட்டியைப் பற்றி அவளுக்கு ஓயாத குறை. ஒருநாள், “அந்தம்மா ரொட்டி சுட்டா இருக்கே” என்று ஆரம்பித்தாள். பத்தொன்பதாம் தளத்தின் கதவு வந்தது. வாயை மூடிக்கொண்டாள். கதவு மேலே போய் மறைந்தது. “அதை வெச்சுச் சுவரு கட்டலாம்” என்று விட்ட இடத்திலிருந்து முடித்தாள். போகும்போதும் அப்படித்தான், வரும்போதும் அப்படித்தான். நாங்கள் யாரும் அதைப் பற்றிக் கேட்டதில்லை. அந்தக் கதவருகே நாங்களும் சும்மா இருக்கப் பழகினோம். ஈரோவுக்கு மிக அருகே போக அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்தில் அவன் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அடியில் ஒன்றும் கிடையாது.

கருவி ஓடத் தொடங்கிச் சில வருஷம் ஆனது. ஹாலோரன் என்று ஒரு பையன், பையன் என்றால் முப்பது வயதிருக்கும், கழி மாதிரி ஒல்லி, மியூவான்களைத் திசை வாரியாக எண்ணுவதுதான் அவன் வேலை. மழைக்குக் கிண்ணம் வைத்து அளக்கிற மாதிரி. மேலே பாறை தடிமனாக இருக்கிற திசையில் குறைவாக விழ வேண்டும், மெல்லிதாக இருக்கிற திசையில் கூட விழ வேண்டும். எல்லாம் சரியாக வந்தது, ஒரு திசையைத் தவிர. அங்கே விழ வேண்டியதற்கு மேல் விழுந்தது.

முதலில் கம்பியில் கோளாறு என்று நினைத்தார்கள். அந்தப் பக்கத்துக் குழல்களைக் கட்டியது சைமாவும் அவள் கூட்டாளிகளும். “என் கம்பியையா சொல்றான்?” என்று இரண்டு நாள் அவள் ஹாலோரனுக்குக் காபி ஊற்றவில்லை. பிறகு அவனும் அவளுமாகச் சேர்ந்து அந்த அடுக்கை அவிழ்த்து வேறு இடத்துக்கு மாற்றிக் கட்டினார்கள். கோளாறு கம்பியில் இருந்தால் அடுக்கோடு சேர்ந்து நகர்ந்திருக்கும். நகரவில்லை. அதே திசையில் அதே கூடுதல். அப்படியானால் கோளாறு மேலே, பாறையில்.

ஒரு மத்தியானம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஹாலோரன் சுரங்கத்தின் பழைய வரைபடத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. பாவம், வெளியூர்க்காரன்.

“கண்டுபிடிச்சிட்டேன் சைமா. உங்க கம்பி சரியாத்தான் இருக்கு. நமக்கு மேல ஒரு காலி இடம் இருக்கு. வரைபடத்துல இடிஞ்சு நிரம்பிடுச்சுன்னு போட்டிருக்காங்க, ஆனா நிரம்பவே இல்ல. நம்ம சர்ச்சு அளவுக்கு இருக்கும்.”

நான் மேசைக்குக் கீழே காலால் அவனை உதைத்தேன். அவனுக்குப் புரியவில்லை.

“எந்தத் தளம்?” என்றாள் சைமா.

“பத்தொன்பது. கிழக்குப் பக்கம்.”

கையிலிருந்த, இறைச்சி அடைத்துச் சுட்ட பாஸ்டியில் பாதிகூடத் தின்றிருக்கவில்லை. அதைக் காகிதத்தில் சுற்றி டப்பாவில் வைத்து மூடினாள். எழுந்து போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்து கம்பியைக் கையில் எடுத்தாள். அன்று சாயங்காலம்வரை வேலை செய்தாள். கூண்டில் மேலே வரும்போது ஆரம்பத்திலிருந்தே பேசவில்லை.

ஹாலோரனைத் தனியாக நிறுத்தி வைத்து விஷயத்தைச் சொன்னேன். அன்றே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டான். அவள் காபி கொடுத்து, ரொட்டி கொடுத்து, ஒன்றே ஒன்று கேட்டாளாம். அந்த இடம் அப்போதே காலியாக இருந்ததா, பிற்பாடு காலியானதா? மியூவான் அதைச் சொல்லாது, இங்கே பாறை இல்லை என்று மட்டும்தான் சொல்லும் என்றான் அவன். நிரம்பிய அறை தானாகக் காலியாகாது என்பதைச் சுரங்கத்துக்காரன் பெண்டாட்டிக்கு ஒருவர் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு அவள் வேலைக்கு வரவில்லை. நாலைந்து நாள் பார்த்துவிட்டு நான் போனேன். கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தாள். இரண்டு குளிர்காலத்துக்குப் போதுமான விறகு ஏற்கெனவே சுவரோரம் அடுக்கியிருந்தது. என்னைப் பார்த்தும் கோடரியைக் கீழே வைக்கவில்லை.

“ஒரு நொடின்னு சொன்னாங்க ரூடி. அதை வெச்சுத்தான் நான் இத்தனை வருஷம் தூங்கினேன். இப்ப சொல்லு, நான் மண்ணு போட்டப்ப அவன் உசிரோட இருந்தானா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சா போதும்.”

என் அப்பா இருந்தால் கேட்கலாம். அவர் போய்விட்டார். அந்த ஷிப்டில் மிச்சம் இருந்தது கேப்டன் ஸ்க்ராபா ஒருவர்தான். பக்கத்து ஊரில் முதியோர் இல்லத்தில் கிடந்தார். அவரைப் போய்க் கேட்பது என்று அவள்தான் முடிவு செய்தாள். நான் வண்டியை ஓட்டினேன்.

கேப்டனுக்கு எண்பதைத் தாண்டியிருந்தது. நுரையீரல் பூராவும் சுரங்கத் தூசி. மூக்கில் குழாய், கட்டிலுக்குப் பக்கத்தில் உஸ்ஸென்று ஓடுகிற ஆக்சிஜன் இயந்திரம். சைமாவைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். ஏன் வந்திருக்கிறாள் என்பதும் தெரிந்தது போல இருந்தது. அவள் அறை காலியாக இருக்கிறது என்று சொன்னாள். அவர் காதில் விழவில்லை. மறுபடியும் சொன்னாள். அவர் கையை நீட்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

“இது ஓடினா எனக்கு ஒண்ணும் கேக்காது. இப்ப சொல்லு.”

சொன்னாள். அவர், மூச்சு வாங்க வாங்க, துண்டு துண்டாகச் சொன்னார். நான் சேர்த்து எழுதுகிறேன்.

துளை போடுகிற எந்திரங்களுக்குக் காற்று கொண்டுபோகிற குழாய் ஒன்று அறைக்குள் போகிறது. இடிந்த அன்று, காற்றை அழுத்தி அனுப்புகிற கம்ப்ரசரை நிறுத்தச் சொல்லிவிட்டு அந்தக் குழாயில் காதை வைத்தார் ஸ்க்ராபா. உள்ளே ஆள் உயிரோடு இருந்தால் குழாயில் தட்டுவான். அவன் எத்தனை தட்டுத் தட்டுகிறானோ அத்தனையை இந்தப் பக்கத்திலிருந்து திருப்பித் தட்ட வேண்டும். கேட்டுவிட்டோம், வருகிறோம் என்று அர்த்தம். ஸ்க்ராபாவுக்கு ஏதோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஆள்தான் என்று அவர் நினைத்தார். பாறை இறங்குகிற சத்தம் என்று இன்ஜினியர் சொன்னார். தீர்மானமாக யாருக்கும் தெரியவில்லை. ஆனால் குழாயில் காற்று இல்லாமல் உள்ளே ஆள் எவ்வளவு நேரம் தாங்குவான்? காற்றைத் திறந்தால் குழாய் இரையும், எதுவும் கேட்காது.

“ஒண்ணு கேக்கலாம், இல்லாட்டி மூச்சு குடுக்கலாம். ரெண்டும் முடியாது. நான் மூச்சைக் குடுத்தேன் சைமா. திறந்துவிட்டுட்டு மேல வந்தேன். ஞாயித்துக்கிழமை வரைக்கும் அது ஓடிட்டுத்தான் இருந்துச்சு.”

“என்கிட்ட ஒரு நொடின்னு சொன்னீங்க.”

“சொன்னேன். நீ ஒரு வாய் சூப்பாவது குடிக்கணுமேன்னு சொன்னேன்.”

சைமா மடியில் கையை வைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் எதைக் கணக்குப் போடுகிறாள் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

“ஞாயித்துக்கிழமை பாஸ்டர் ஜெபம் பண்ணினப்ப மிஷின் எல்லாம் நின்னு போயிருந்துச்சே.”

“அடக்கத்துக்கு நிறுத்தணும். நிறுத்தினோம்.”

“அப்ப குழாய் சும்மாதான் இருந்துச்சு. தட்டினா கேட்டிருக்கும்.”

“கேட்டிருக்கும்.”

“கீழ யார் இருந்தா?”

அவருக்கு மூச்சு திணறியது. நான் இயந்திரத்தைப் போடப் போனேன். வேண்டாம் என்று கையால் தடுத்தார்.

“யாரும் இல்ல. அடக்கம் நடக்கறப்ப கீழ யார் இருப்பா? எல்லாரும் மேல, உன் பின்னாடிதான் நின்னோம்.”

ஜெபமும் பாட்டும் சேர்த்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். நாலு நாளில் குழாய் வாய் மூடிக் கிடந்த நேரம் முதல் நாளுக்குப் பிறகு அது ஒன்றுதான். அந்த நேரத்தில் ஊரே கோட்டுப் போட்டுக்கொண்டு, தொப்பியைக் கழற்றிவிட்டு, பனியில் தலைகுனிந்து நின்றது. மரியாதைக்குத்தான் நின்றது. ஒருவர்மேலும் குற்றம் சொல்ல முடியாது. என் அப்பா நல்ல மனுஷர். அவரும் அங்கேதான் நின்றார்.

சைமா எழுந்து இயந்திரத்தைப் போட்டுவிட்டாள். அவர் போர்வையைக் கழுத்துவரை இழுத்துச் சரிசெய்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அவர் காதருகே குனிந்து, சத்தமாகக் கேட்டாள்.

“அன்னிக்கு மண்ணைச் சூடு பண்ணி வெச்சது யாரு?”

அவர் தன் நெஞ்சில் விரலை வைத்துக் காட்டினார்.

“நல்லா இருந்துச்சு. கை விறைச்சுப் போயிருந்துச்சு எனக்கு.”

திரும்பி வருகிற வழியில், ஏரி வந்தபோது, அந்தக் குழாய் இன்னும் இருக்கிறதா என்று கேட்டாள். இருந்தது. யார் அதைக் கழற்றப் போகிறார்கள்? பத்தொன்பதாம் தளத்தில் இடிந்த வாசலுக்கு முன்னால் கான்கிரீட் சுவர் எழுப்பியிருந்தார்கள். குழாய் அதன் வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஆனால் கருவியைக் குளிர்விக்க ஓடுகிற மின்விசிறிகளின் இரைச்சல் குழி முழுவதும் பரவியிருந்தது. அதை நிறுத்தாமல் எதையும் கேட்க முடியாது. விசிறியை நிறுத்தினால் கருவியையும் நிறுத்த வேண்டும்.

நான் ஹாலோரனிடம் போனேன். அவன் காரணம் கேட்கவில்லை. மேலிடத்துக்குப் பராமரிப்பு வேலை என்று சொல்லிக்கொள்வதாகச் சொன்னான். ஒரு காலையில், கருவி, விசிறி எல்லாவற்றையும் அவனே கையால் அணைத்தான். நானும் சைமாவும் பத்தொன்பதில் இறங்கினோம். அந்தக் கதவைத் திறக்க நெம்புகோல் தேவைப்பட்டது.

நாற்பது வருஷத்து ஈரம். தலைவிளக்கு வெளிச்சத்தில் சுவரும், துருவேறிய குழாயின் மூக்கும். அவள் தலைக்கவசத்தைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கழுத்துத் துணியை மடித்துக் கன்னத்துக்கு அணைகொடுத்து, குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு மணி நேரம் அப்படியே நின்றாள். அறுபது வயதுக்காரி. எனக்குக் கால் மாற்றாமல் நிற்க முடியவில்லை. எங்கோ தண்ணீர் சொட்டியது. வேறு ஒன்றும் இல்லை. இருக்காது என்று அவளுக்கும் தெரியும்.

பிறகு என் இடுப்பிலிருந்த ஸ்பானரைக் கேட்டு வாங்கினாள். குழாயில் தட்டினாள். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் தட்டினாள். கேட்டுவிட்டோம், வருகிறோம் என்பதற்கான தட்டு. எத்தனை என்று நான் எண்ணவில்லை. எண்ணுகிற இடமா அது?

“வா, கீழ வேலை கிடக்கு” என்று ஸ்பானரைத் திருப்பிக் கொடுத்தாள்.

இதனால் அவள் மனசு ஆறியது என்று எழுதினால் பொய். ஆறவில்லை. அதற்குப் பிறகு அவள் இளைத்துக்கொண்டே போனாள். தூக்கம் போனது. சில நாள், அந்தக் கருவியை யார் கொண்டுவரச் சொன்னது, அவன் செத்தது செத்ததாகவே இருந்திருக்கலாமே என்பாள். வேறு சில நாள், தெரிந்துகொண்டதும் நல்லதுதான், அவன் மூச்சு விட்டுக்கொண்டிருந்த நேரத்துக்கு இந்த உலகத்தில் ஒரு சாட்சியாவது இருக்கட்டும் என்பாள். ஒருநாள் கம்பி கட்டிக்கொண்டே, மேலே அந்த அறை வழியாகப் போகிற மியூவான்தான் நேராகத் தன் கம்பிக்கு வந்து விழுகிறது, இத்தனை வருஷமாக அவன் ஏதோ போட்டுக்கொண்டே இருந்திருக்கிறான், தான்தான் பார்க்கவில்லை என்றாள். சிரிப்பாளோ என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. பத்தொன்பதாம் தளம் வரும்போது பேச்சை நிறுத்துவது மட்டும் கடைசிவரை மாறவில்லை.

போன கோடையில் வயிற்றில் கட்டி என்று கண்டுபிடித்தார்கள். முற்றிவிட்டது. செப்டம்பரில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது சொன்னாள்.

“ரூடி, என்னைப் புதைக்கிறப்ப நீ மேல இருக்கக் கூடாது. குழாய்கிட்ட ஒரு ஆள் இருக்கணும். விசிறியை நிறுத்தச் சொல்லு.”

“ஊரு என்னைத் திட்டும் சைமா.”

“உன்னைத் திட்டறது ஊருக்குப் புதுசா?”

“என்ன கேக்கப் போகுது அங்க?”

“ஒண்ணும் கேக்காது. அதுக்கென்ன? எல்லாரும் மண்ணு போடுற நேரத்துல கீழ ஒரு ஆள் இருந்தான்னு இருக்கட்டும்.”

அக்டோபரில் போனாள். மண் இன்னும் இறுகவில்லை. யாரும் வாளியில் வைத்துச் சூடாக்க வேண்டியிருக்கவில்லை.

போதகரிடம் நேரத்தைக் கேட்டுக்கொண்டேன், காரணத்தைச் சொல்லவில்லை. ஹாலோரன் கருவியையும் விசிறிகளையும் அணைத்தான். மேலே இயந்திர அறையில் இருந்தவன் ஊருக்குப் புதியவன். ஜெபம் தொடங்கும்போது தேவாலய மணி அடிக்கும், உடனே பத்தொன்பதாம் தளத்துக் கதவருகே இருக்கிற போனை அடி, முடிந்ததும் இன்னொரு தடவை அடி என்று அவனிடம் சொல்லி வைத்திருந்தேன். பத்தொன்பதில் இறங்கி, தலைக்கவசத்தைக் கழற்றி, குழாயில் காதை வைத்தேன். குளிர் கன்னத்தைக் கடித்தது. கழுத்துத் துணி கொண்டுவர எனக்குத் தோன்றியிருக்கவில்லை. போன் மணி அடித்து ஓய்ந்தது. விசிறிகள் ஏற்கெனவே நின்றிருந்தன.

தண்ணீர் சொட்டுகிற சத்தம். என் ரத்தம் காதில் ஓடுகிற சத்தம். மேலே இப்போது பாடுவார்கள், இப்போது இறக்குவார்கள், இப்போது போடுவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணைத் துடைக்கக் காதை எடுக்க வேண்டியிருக்குமே என்று துடைக்காமல் விட்டேன்.

மறுபடியும் போன் அடித்தது. முடிந்துவிட்டது. ஸ்பானரை எடுத்து, அவள் தட்டிய மாதிரி தட்டினேன். ஹாலோரனின் கணக்கில் அந்த ஒரு மணி நேரம் வெறுமையாக இருக்கிறது. அவன் அதை நிரப்பவில்லை.

மேலே வந்து, கையைக் கழுவாமல், தேவாலயத்தின் கீழ்க்கூடத்துக்குப் போனேன். எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள். துரு ஒட்டிய என் கன்னத்தைப் பார்த்தார்கள். பெஞ்சில் ஒருவரும் நகர்ந்து இடம் விடவில்லை. போதகரின் மனைவிதான் ஒரு தட்டில் காபியும் ஒரு துண்டு ரொட்டியும் கொண்டுவந்து கையில் கொடுத்தார். நின்றுகொண்டே கடித்தேன். சைமா சொன்னது சரிதான், அதை வைத்துச் சுவர் கட்டலாம். ஒரு துணுக்கும் மிச்சம் வைக்காமல் தின்றேன்.